மயிற்பொறியிலிருந்து குடை ராட்டினம் வரை: சுற்றிச் சுற்றிப் பறந்த கதை

ராட்டினம் என்ற சொல்லுக்கு நம்ம பக்கம் மூன்று பொருள் உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உருளையும் ராட்டினம்தான், நூல் நூற்கும் சக்கரமும் ராட்டினம்தான், திருவிழாவில் நம்மைத் தூக்கிச் சுற்றுவதும் ராட்டினம்தான். முதல் இரண்டும் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டன. கிணற்றில் மோட்டார் வந்துவிட்டது, நூல் மில்லுக்குப் போய்விட்டது. மூன்றாவது மட்டும் வருடா வருடம் உயரம் கூடி, விளக்கு கூடி, டிக்கெட் விலையும் கூடி நம்மோடு இருக்கிறது. எந்த உபயோகமும் இல்லாத ராட்டினம்தான் கடைசி வரை நிலைத்து நின்றிருக்கிறது!

விருதுநகர்க்காரர்களுக்குப் பங்குனிப் பொங்கல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பராசக்தி மாரியம்மனுக்குப் பொங்கல், அக்னிச்சட்டி, கூடவே கே.வி.எஸ். பள்ளி மைதானத்துப் பொருட்காட்சி. சிவகாசிக்காரர்களுக்குப் பங்குனியில் மாரியம்மன், சித்திரையில் பத்திரகாளியம்மன் என்று இரண்டு பொங்கல். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி இருக்கிறது. சித்திரைக்கு மதுரைப் பொருட்காட்சி. இந்தக் கூட்டங்களில் அப்பளமும் பஞ்சுமிட்டாயும் வாங்குவதற்காக மட்டும் யாரும் போவதில்லை. தூரத்தில் சுற்றும் விளக்கைப் பார்த்துத்தான் குழந்தைகள் கையைப் பிடித்து இழுக்கும்.

மனுஷனுக்கு ஏன் இந்த ஆசை? நடக்கக் கால் இருக்கும்போது காசு கொடுத்து தலை சுற்ற வைத்துக்கொள்வது எதற்கு? இதைத் தேடிப் போனபோது கிடைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பக்கம் இலக்கியம், ஒரு பக்கம் துப்பாக்கி வியாபாரி, ஒரு பக்கம் எங்கள் பி.காம். பாடப்புத்தகம் என்று கதை எங்கெங்கோ போகிறது.

ஊசலும் மயிலும்

ஆடும் ஆசை நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல் வரி இருக்கிறது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் என்று ஒரு பதிகமே இருக்கிறது. நம்ம ஊரில் மரக்கிளையில் கயிறு கட்டி ஆடுவதைத் தூரி என்போம். குழந்தையைப் போடும் சேலைத் தொட்டிலையும் சில வீடுகளில் தூரி என்பார்கள்.

ஆனால் ஊசல் முன்னும் பின்னும்தான் போகும். ஏறி உட்கார்ந்து, தானே திருப்பி, மேலே எழும்பி, கீழே இறங்க வேண்டும் என்றால்? அந்த ஆசைக்குத் தமிழில் பழைய சாட்சி சீவக சிந்தாமணி. திருத்தக்கதேவர் எழுதிய இந்தக் காப்பியத்தில் சச்சந்தன் என்ற அரசன் தன் மனைவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறி செய்யச் சொல்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே போகும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். கடைசியில் கட்டியங்காரனின் சதியால் ஆபத்து வரும்போது கர்ப்பிணியான விசயை அந்த மயிலில் ஏறித்தான் தப்பிக்கிறாள். போய் இறங்குகிற இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இதை வைத்து "அந்தக் காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது" என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம்தான். அந்தக் கற்பனையில் திருகு விசயையின் கையில் இருக்கிறது. ஓட்டுகிறவர் வேறு, உட்காருகிறவர் வேறு இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாரியம்மனும் செடில் மரமும்

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் காற்றில் சுற்றுவதற்கும் உள்ள உறவு பொருட்காட்சியோடு ஆரம்பித்தது இல்லை. செடில் உற்சவம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நட்ட மரத்தின் உச்சியிலோ வண்டியிலோ நீளமான குறுக்கு மரம் ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு முனையில் நேர்த்திக்கடன் வைத்தவரை முதுகுத் தசையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டு, மறுமுனையைக் கயிற்றால் இழுத்து அவரை உயரே தூக்கிச் சுற்றுவார்கள். மழைக்காகவும் நோய் தீரவும் ஊருக்காக ஒருவர் எடுக்கும் வேண்டுதல் அது.

மதுரைக்குப் பக்கத்தில் சோழவந்தானில் 1891-இல் நடந்த செடில் அரசாங்க அளவில் பெரிய விவாதமானது. மிஷனரிகள் தடை செய்யச் சொன்னார்கள், சீர்திருத்தம் பேசிய நம்மவர்களும் சொன்னார்கள். "அவர் விருப்பப்பட்டுத்தானே தொங்குகிறார், இதில் அரசு எப்படித் தலையிடுவது" என்ற கேள்வியும் எழுந்தது. எட்கர் தர்ஸ்டன் தன் தென்னிந்திய ஆய்வுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு பல இடங்களில் மனிதருக்குப் பதில் ஆட்டையோ பொம்மையையோ கட்டிச் சுற்றும் வழக்கம் வந்தது.

ஆனால் முழுவதும் போய்விடவில்லை. நாகப்பட்டினம் நெல்லுக்கடை மாரியம்மன் கோயிலில் கொக்கி இல்லாமல் செடில் நடக்கிறது. செடில் மரத்தில் இருப்பவர் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள, மரம் சுற்றும். கீழே பெற்றோர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். பறவைக் காவடியை நம்ம மாவட்டத்திலேயே பார்க்கலாம். பெயரிலேயே பறவை இருக்கிறது.

செடிலிலிருந்துதான் ராட்டினம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ராட்டினத்தின் வரலாறு வேறு பாதையில் வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே அம்மனின் திருவிழாக் கூட்டத்தில், ஒரே மண்ணில் நிற்கின்றன. ஒன்றில் ஊருக்காக ஒருவர் சுற்றினார். மற்றொன்றில் அவரவர் காசுக்கு அவரவர் சுற்றுகிறோம். "விருப்பப்பட்டுத்தானே ஏறுகிறார்கள்" என்ற கேள்வி மட்டும் 1891-இல் இருந்து அப்படியே நம் கூட வந்திருக்கிறது.

மரப்பெட்டியிலிருந்து இரும்புச் சக்கரத்துக்கு

நான்கு மரப்பெட்டி தொங்கும் கைராட்டினத்தைக் கிராமத்துத் திருவிழாக்களில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். இதே மாதிரிச் சக்கரத்தை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 1615-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பார்த்திருக்கிறார். பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் 1620-இல் இன்றைய பல்கேரியாவில் உள்ள ஒரு ஊரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதாவது இது கிழக்கத்திய நாடுகளில் பண்டிகைக் கூட்டத்தின் பொருளாக இருந்து மேற்கே போனது.

மேற்கே போனதும் அதற்கு இயந்திரம் வந்தது. 1861-இல் தாமஸ் பிராட்ஷா இங்கிலாந்தின் அயில்ஷாம் சந்தையில் நீராவியால் சுற்றும் குதிரை ராட்டினத்தைக் கொண்டுவந்தார். கிங்ஸ் லின் ஊர்க்காரரான ஃப்ரெடரிக் சாவேஜ் அதைப் பெரிய தொழிலாகவே மாற்றினார். அவர் அடிப்படையில் விவசாயக் கருவி செய்தவர்!

பிறகு 1893. சிகாகோ உலகக் கண்காட்சி. நான்கு வருடம் முன்பு பாரிஸில் ஈஃபிள் கோபுரம் எழுந்துவிட்டது, அமெரிக்கர்களுக்கு அதை மிஞ்ச வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெர்ரிஸ் என்ற பாலம் கட்டும் பொறியாளர் 264 அடி உயரத்தில் ஒரு சக்கரம் வைத்தார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர். கட்டணம் 50 சென்ட். கண்காட்சிக்குள் நுழையவே 50 சென்ட்தான். சுமார் 14 லட்சம் பேர் ஏறினார்கள்.

வணிகவியல் மாணவனுக்கு இங்கே கை சும்மா இருக்காது. 14 லட்சம் பெருக்கல் அரை டாலர், ஏழு லட்சம் டாலர் வசூல். கட்ட ஆன செலவோ கிட்டத்தட்ட 4 லட்சம் டாலர். லாபம்தானே? ஆனால் ஃபெர்ரிஸுக்குக் கையில் நிற்கவில்லை. பங்குப் பணத்துக்காகக் கண்காட்சி நிர்வாகத்தோடு வழக்கு. இன்னொரு பக்கம், அட்லாண்டிக் சிட்டியில் முன்னதாகவே மரச் சக்கரங்கள் வைத்திருந்த வில்லியம் சோமர்ஸ் "இது என் கண்டுபிடிப்பு" என்று போட்ட வழக்கு. 1896-இல் 37 வயதிலேயே டைஃபாய்டில் ஃபெர்ரிஸ் இறந்துபோனார். அவருடைய சக்கரம் 1904-இல் செயின்ட் லூயிஸில் கடைசியாகச் சுற்றியது. 1906-இல் டைனமைட் வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அவர் பெயர் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் அதையும் விட்டுவிட்டு ஜெயின்ட் வீல் என்று கூப்பிடுகிறோம்!

துப்பாக்கிக்காரர் கட்டிய பறக்கும் ராட்டினம்

இப்போது கதையின் முக்கியமான ஆள் வருகிறார். ஹைரம் மாக்சிம். பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். வணிகச் சட்டத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற பாடம் நடத்தும்போது நார்டன்ஃபெல்ட் வழக்கு வரும். நார்டன்ஃபெல்ட் தன் துப்பாக்கித் தொழிலை 2,87,500 பவுனுக்கு விற்றார். பிறகு அது மாக்சிமின் நிறுவனத்தோடு இணைந்தது. 25 வருடம் உலகில் எங்கேயும் போட்டித் தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதை மீறப் பார்த்தார். அந்த ஒப்பந்தம் செல்லும் என்று 1894-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் வரும் மாக்சிம்தான் இந்த மாக்சிம்.

1840-இல் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1884-இல் தானாகவே சுடும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். அது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் காலனி ஆட்சிகளுக்கு எவ்வளவு உதவியது என்பது தனிக்கதை. அந்தப் பணத்தில் அவர் பறக்க ஆசைப்பட்டார். ரைட் சகோதரர்களுக்கு ஒன்பது வருடம் முன்பு, அதே 1894-இல், கென்ட் பகுதியில் மூன்றரை டன் எடையுள்ள நீராவி விமானத்தைத் தண்டவாளத்தில் ஓட்டினார். 180 குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சின்கள் இரண்டு. அது மேலே கிளம்பிவிடாமல் இருக்கப் பாதுகாப்புத் தண்டவாளமும் போட்டிருந்தார். ஜூலை 31-ஆம் தேதி இயந்திரம் அந்தத் தடுப்பையே உடைத்துக்கொண்டு சற்று எழும்பி, விழுந்து நொறுங்கியது.

பத்து வருடம் கழித்து, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், மக்களுக்கும் பறப்பதில் நம்பிக்கை வர வேண்டும் என்று ஒரு யோசனை செய்தார். உயரமான நடுத்தூணிலிருந்து கம்பிகளில் படகு மாதிரி வண்டிகளைத் தொங்கவிட்டுச் சுற்றினால், அவை வெளிப்பக்கம் விரிந்து பறக்கும். அவருடைய திட்டத்தில் வண்டிகளுக்கு இறக்கைகள் இருந்தன. ஏறி அமர்ந்தவர் அதைத் திருப்பி மேலும் கீழும் போகலாம். நம்ம விசயையின் மயில் மாதிரியே! ஆனால் பாதுகாப்பு காரணமாக அந்த வசதியை அனுமதிக்கவில்லை. இறக்கைகள் இல்லாத வண்டிகள் வட்டத்தில் சுற்றின. மாக்சிமுக்கு வெறுத்துப்போனது, இது வெறும் பெரிய ராட்டினம்தான் என்று அலுத்துக்கொண்டார். மக்களோ வரிசையில் நின்றார்கள்.

1904-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட், பிளாக்பூல், சவுத்போர்ட், கிரிஸ்டல் பேலஸ் என்று இந்த இயந்திரங்கள் எழுந்தன. பிளாக்பூலில் வைத்தது 120 வருடம் தாண்டியும் அதே இடத்தில் நிற்கிறது. ராட்டின ரசிகர்களுக்கு அது ஒரு தலம் மாதிரி. மாக்சிமின் விமானம் ஒரு நாளில் உடைந்தது, அவர் வெறுத்த ராட்டினம் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் ஹாரி டிரேவர் என்பவர் ஏறத்தாழ இதே சமயத்தில் சுற்று ஊஞ்சல் ஒன்றைக் கொண்டுவந்தார். கப்பலில் போகும்போது கொடிமரத்தைச் சுற்றிக் கடற்பறவைகள் வட்டமடிப்பதைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். முதலில் கூடை மாதிரிப் பெட்டிகள், பிறகு விமான பொம்மைகள், அதன்பின் ராக்கெட் பொம்மைகள். உலகம் எதைக் கண்டு வியக்கிறதோ அதன் வேஷத்தை ராட்டினம் போட்டுக்கொள்ளும். நம்ம பொருட்காட்சியிலும் குதிரை போய் ஹெலிகாப்டர் வந்தது, டிராகன் ரயில் வந்தது.

திருகு மறுபடி கைக்கு வந்தது

மாக்சிமிடம் மறுக்கப்பட்ட ஆசை 1930-களில் நிறைவேறியது. சிகாகோவின் பிஷ்-ராக்கோ நிறுவனம் ஃப்ளையிங் ஸ்கூட்டர் என்ற ராட்டினத்தைச் செய்தது. கம்பியில் தொங்கும் வண்டியின் முன்னால் பெரிய தகட்டுப் பாய் ஒன்று இருக்கும். அதை நாமே இடமும் வலமும் திருப்பலாம். காற்று அதில் மோத, வண்டி வெளியே பாயும், உள்ளே சரியும். சரியான நொடியில் வெட்டித் திருப்பினால் கம்பி ஒரு கணம் தொய்ந்து, பிறகு "படார்" என்று விறைக்கும். வெளிநாட்டு ரசிகர்கள் இந்த வித்தைக்காகவே ஊர் ஊராகப் போகிறார்கள். எந்தப் பூங்காவின் வண்டி நன்றாக வெட்டும், எந்த வண்டியின் கம்பி நீளம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் உள்ள நோபல்ஸ் பூங்காவின் பழைய ஃப்ளையர் அவர்களிடையே பிரபலம். சில பூங்காக்களில் இப்படிக் கம்பியைச் சுண்டினால் இறக்கிவிட்டு விடுவார்கள். திரும்பவும் அதே பழைய கேள்வி, ஏறியவர் கையில் எவ்வளவு கொடுக்கலாம்?

இதே காலத்தில் விளையாட்டும் விமானமும் இடம் மாறிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். லீ ஐயர்லி என்ற அமெரிக்கர் விமானிகளுக்குப் பயிற்சி தரக் கருவி செய்தார். அது கடைசியில் பொழுதுபோக்கு ராட்டினமாகத்தான் விலைபோனது, அவரும் ராட்டினம் செய்பவராகிவிட்டார். எட்வின் லிங்க் கதை நேர் எதிர். அப்பாவின் ஆர்மோனியம், பியானோ வகைத் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளை வைத்து அசையும் விமானப் பெட்டி ஒன்றைச் செய்தார். வாங்க வந்தவை பூங்காக்கள்தான். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோய்ப் பலர் இறந்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பழகினார்கள். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கியது உயிரைக் காத்தது.

நம் பூங்காக்கள்

இந்தியாவுக்கு நிலையான பூங்காக்கள் தாமதமாகத்தான் வந்தன. டெல்லியில் அப்பு கர் 1984 நவம்பரில் திறந்து 2008-இல் மூடப்பட்டது. மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989-இல் வந்தது. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை 1995-இல் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான "மை டியர் குட்டிச்சாத்தான்" எடுத்தவர். அந்தப் படத்தில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து போவார்கள். கலை இயக்குநர் கே. சேகர் அமைத்த அறையே மொத்தமாகச் சுழன்றது, கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றதால் குழந்தைகள் சுவரில் ஏறுவதாக நமக்குத் தெரிந்தது. அந்தச் சுழலும் அறை பிறகு கிஷ்கிந்தாவில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. சினிமா செட்டும் ராட்டினமும் உறவுக்காரர்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேரளத்தில் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் வீகாலாண்டு திறந்தார். அதுதான் இன்றைய வொண்டர்லா. சென்னைக்குப் பக்கத்தில் அதன் பூங்கா 2025 டிசம்பரில் திறந்தது. இருந்தாலும் விருதுநகர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் கல்லூரிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்க்கும் இடம். வருடா வருடம் வீட்டு வாசலுக்கு வருவது லாரியில் வரும் ராட்டினம்தான். குடை ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, பிரேக் டான்ஸ், பக்கத்தில் மரணக்கிணறு.

சங்கிலிக்குத் தெரிந்த கணக்கு

குடை ராட்டினத்தில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? குண்டு மாமா உட்கார்ந்த நாற்காலியும், ஒல்லிப் பையன் உட்கார்ந்த நாற்காலியும், ஆளே இல்லாத நாற்காலியும் ஏறத்தாழ ஒரே சாய்வில் பறக்கும். சாய்வைத் தீர்மானிப்பது வேகமும் வட்டத்தின் அளவும்தான், எடை இல்லை. வட்டத்தின் ஆரம் 6 மீட்டர், நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் சங்கிலி சுமார் 34 டிகிரி சாயும். 12 சுற்று ஆக்கினால் 44 டிகிரி.

சாய்வுக்கு எடை தெரியாது, ஆனால் சங்கிலிக்குத் தெரியும். 70 கிலோ ஆள் 10 சுற்று வேகத்தில் சங்கிலியை 84 கிலோ அளவுக்கு இழுப்பார். 12 சுற்றில் 97 கிலோ. இரண்டே இரண்டு சுற்றுக் கூடியதற்கு 13 கிலோ சுமை. கீழே நிற்கிறவர்கள் "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று கத்தும்போது மேலே ஒவ்வொரு கொக்கியிலும் இதுதான் நடக்கிறது.

எங்கள் துறைக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு 24 நாற்காலி, டிக்கெட் 50 ரூபாய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் மணிக்கு 12 ஆட்டம், 14,400 ரூபாய். ஒவ்வொரு கம்பியையும் பூட்டையும் தொட்டுப் பார்த்து ஏழரை நிமிடம் எடுத்தால் 8 ஆட்டம், 9,600 ரூபாய். வித்தியாசம் மணிக்கு 4,800 ரூபாய். திருவிழா கூட்டம் சேர்வதோ மாலை சில மணி நேரம், சில நாட்கள்தான். அதற்குள் இட வாடகை, லாரி வாடகை, ஜெனரேட்டர் டீசல், ஆட்கள் கூலி எல்லாம் எடுக்க வேண்டும். ராட்டினக்காரரைக் கெட்டவராக நினைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் வரிசையில் நின்று பொறுமையிழப்பதும் அந்தக் கணக்கில் ஒரு எண் என்பதற்காகச் சொல்கிறேன்.

2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு புதிய ராட்டினத்தை ஊழியர்களை ஏற்றிச் சோதித்தபோது விபத்து நடந்து ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் கன்காரியா பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து உயிர்ப்பலி. 2022 செப்டம்பரில் மொஹாலியில் ஒரு பொருட்காட்சியில் உயரத்தில் இருந்து இருக்கைகள் அப்படியே விழுந்து பலர் காயமடைந்தார்கள். முதல் சம்பவத்தை மறுபடி பாருங்கள். சோதனை ஓட்டத்தில் ஏறுவது ஊழியர். நாம் ஏறும் முன் அந்த ஆபத்தை ஒருவர் தன் உடம்பில் வாங்கிப் பார்க்கிறார்.

சங்குசக்கரம் செய்கிற கைகள்

இந்த இடத்தில் சிவகாசியைப் பேசாமல் போக முடியாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கிய தொழில், இன்று நாட்டின் பெரும்பகுதிப் பட்டாசைச் செய்கிறது. அதில் சங்குசக்கரமும் ஒன்று. மருந்து நிரப்பிய குழாயைச் சுருட்டியிருப்பார்கள். முனையில் தீ வைத்ததும் வாயு ஒரு பக்கம் பீறிட, சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். ராட்டினத்தை நடுத்தூண் சுற்றுகிறது, சங்குசக்கரத்தை அதன் விளிம்பே சுற்றுகிறது. அதையே மேலே கிளம்ப வைத்தால் ஹெலிகாப்டர் வெடி. ஐரோப்பாவில் இந்தச் சக்கர வாணத்துக்குப் புனித கேத்தரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரைக் கொல்லக் கொண்டுவந்த சித்திரவதைச் சக்கரத்தின் நினைவாக! சக்கரத்தில் சந்தோஷமும் வலியும் சேர்ந்தே இருக்கும் போல.

நாடு முழுக்கத் தீபாவளிக்கு ஐந்து நிமிடம் சிரிக்க, நம்ம மாவட்டத்தில் வருடம் முழுக்க ஆபத்தோடு வேலை செய்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்று விதி இருப்பது ஏன் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எப்போது விதி வளைகிறது என்பதும் தெரியும். ஆர்டர் முடிக்க நாள் குறைவாக இருக்கும்போது. பொருட்காட்சியிலும் அதேதான், கூட்டம் அதிகமாக இருக்கும்போது.

அந்தக் கைகள்தான் பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராட்டினம் ஏற வருகின்றன. மற்ற ஊர்க்காரர்களுக்கு ராட்டினத்தில் ஏறுவது கொஞ்ச நேரம் ஆபத்தைத் தொட்டுப் பார்ப்பது. தினமும் ஆபத்தின் பக்கத்தில் உட்காருபவர்களும் ஏன் ஏறுகிறார்கள்? எனக்குத் தோன்றும் பதில் இதுதான். வேலையில் பயத்தை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ராட்டினத்தில் பயத்தை வாய்விட்டுக் கத்தலாம். பக்கத்தில் இருப்பவரும் கத்துவார், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

எழுதி வைக்க வேண்டிய வரலாறு

அமெரிக்காவில் 1978-இல் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இடிக்க இருந்த பழைய ராட்டினங்களைக் காப்பாற்ற அவர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சந்தை ராட்டினங்களுக்கென்றே 1994-இல் ஒரு காப்பகம் அமைத்தார்கள். பழைய போட்டோ, டிக்கெட், நோட்டீஸ், குடும்பங்களின் கடிதம் எல்லாம் அங்கே இருக்கிறது. அதனால்தான் 1861-இல் எந்தச் சந்தையில் எந்த ராட்டினம் சுற்றியது என்று நான் விருதுநகரில் உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஆனால் எங்கள் மைதானத்தில் முதல் இரும்பு ராட்டினம் எந்த வருடம் சுற்றியது என்று எழுத எங்கே போவது? இந்த ஊர் கணக்கு எழுதும் ஊர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வாங்கி, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். ஏலம், டெண்டர், இட வாடகை எல்லாம் ஏதோ ஒரு பேரேட்டில் இருந்திருக்கும். பொங்கல் நோட்டீஸ்கள் யார் வீட்டுப் பரணிலோ இருக்கும், அச்சடித்தது சிவகாசியாகத்தான் இருக்கும். மரக்குதிரைக்குப் பெயின்ட் அடித்த தாத்தாக்கள், நான்கு பெட்டி ராட்டினத்தைக் கையால் தள்ளியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பட்டாசுத் தொழிலின் வரலாற்றை எழுதும்போது முதலாளிகளின் பெயர் கிடைக்கிறது, சங்குசக்கரம் சுற்றிய பெண்களின் பெயர் கிடைப்பதில்லை. ராட்டினத்துக்கு முதலாளியின் பெயர்கூட இல்லை. அடுத்த பங்குனிக்கு நீங்கள் போனால், ஏறி இறங்கிய பிறகு, அதை ஓட்டுகிறவரிடம் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். எந்த ஊர், எத்தனை வருஷம், இதற்கு முன் என்ன ராட்டினம் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பழைய நோட்டீஸ் கிடைத்தால் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.

அப்படியே, ஏறும்போது சங்கிலிக் கொக்கியையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பூட்டைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் எடுத்தால் கத்தாமல் நில்லுங்கள் :-)